ஜெபிச்சுட்டு சொல்றோம்

பேசிக்கொண்டிருப்பவரின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றுவதற்கு அக்கா யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. "அசையாதீங்க" என்பாள், அவ்வளவுதான். அடுத்த நொடி எதிரில் இருப்பவருக்கு உலகம் மங்கிவிடும். கண்ணாடியைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, கைப்பையிலிருந்து ஈர்க்குச்சி கனத்தில் ஒரு திருப்புளியை எடுத்து ஆணியை முடுக்குவாள். "உங்க வலது காது கொஞ்சம் மேல ஏறியிருக்கு. உங்க தப்பு இல்ல" என்று ஆறுதல் சொல்லித் திரும்ப மாட்டிவிடுவாள். பேருந்தில் செய்வாள், சாவு வீட்டில் செய்வாள். ஒருமுறை கல்யாண மேடையில் ஏறி மாப்பிள்ளைக்கே செய்தாள். போட்டோ எடுப்பவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் கண்ணாடிக்கடை அவளுடையது. அதனால் எல்லோருக்கும் கண்ணாடி அக்கா. ஐம்பதைத் தாண்டிய வயது, கட்டைக் குரல், மூக்கு நுனியில் கோபம். கடையில் இருக்கிற ஃபிரேமையெல்லாம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு சுத்து சுத்திட்டு வர்றோம்" என்று நழுவுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. வாசல்வரை கூடவே வருவாள். "பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போங்களேன். நான் என்ன கடிச்சா தின்னுடப் போறேன்?" இதற்குப் பயந்தே சிலர் கண்ணாடி வாங்கியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மட்டும் கடையைச் சீக்கிரம் அடைத்துவிடுவாள். அன்று மாலை அவள் வீட்டில் ஜெபக்குழு. ஞாயிற்றுக்கிழமை சபையில் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாக உட்கார்ந்து முன்னால் இருப்பவரின் பின்னந்தலையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். யாருக்கு வேலை போனது, யார் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் வெளியே வருவது வெள்ளிக்கிழமை இந்தக் கூடத்தில்தான். அக்காவின் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். வாராவாரம் சோபாவை ஒற்றை ஆளாக இழுத்துப் படுக்கையறைக்குள் நிறுத்திவிட்டு, கட்டில்மேல் ஏறித் தாண்டி வெளியே வருவார். "சிலருக்குப் பிரசங்க ஊழியம், எனக்கு சோபா ஊழியம்" என்பார். அந்த வாரத்துக்கு அவர் பேசுவது அதுதான்.

குழு நடத்துவதைவிட, நடத்த ஆள் தயார் செய்வதில்தான் அக்காவுக்கு உயிர். அதற்கு அவளிடம் ஒரே ஒரு தந்திரம் உண்டு. எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "தொண்டை கட்டிப்போச்சுப்பா. இன்னைக்கு நீ நடத்து" என்று யாராவது ஒருவரிடம் தள்ளிவிடுவாள். கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து, "ஏங்க, அந்த மோட்டார நிறுத்துங்க!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் வரும். யாரும் சிரிக்க மாட்டார்கள். அக்காவுக்குத் தொண்டை கட்டினால் யாருக்கோ வேளை வந்துவிட்டது என்று அர்த்தம்.

மறுநாள் கடையில், நடத்தியவருக்குப் பூசை நடக்கும். குழாய் வேலை பார்க்கும் ஒருவர் அப்படித்தான் முதன்முதலில் நடத்தினார். ஒரு கேள்வி கேட்பது, யாரும் வாயைத் திறப்பதற்குள் தானே பதில் சொல்வது என்று மளமளவென்று முடித்துவிட்டார். அக்கா பிடித்துக்கொண்டாள். "கேள்வியும் நீயே, பதிலும் நீயேன்னா நாங்க எதுக்கு? டீ குடிக்கவா? கேட்டுட்டு வாய மூடிட்டு இரு. அந்த நேரம் உனக்குத்தான் பெருசாத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது." இன்று ஆற்றுக்கு அக்கரையில் ஒரு குழுவை அவர்தான் நடத்துகிறார். இன்னமும் கேள்வி கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பார் என்று கேள்வி.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் அவளுக்கென்று ஒரு கணக்கு. நீட்டி முழக்கி ஜெபிக்கிறவர்களை ஓரமாக வைப்பாள். "வாய் நல்லாத்தான் இருக்கு. காது எங்க?" கடைசி ஜெபம் முடிந்து எல்லோரும் கலைகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவள் கண் கூர்மையாகும். புதிதாக வந்தவர் சுவர் ஓரமாக நிற்கிறாரே, அவரிடம் போவது யார்? போன வாரம் வந்து இந்த வாரம் வராதவரைப் பற்றி, "ஏன் வரல?" என்று கேட்பது யார்? கேட்பதோடு நிற்காமல் போன் போடுவது யார்? அதைப் பார்த்து மனதில் குறித்துக்கொள்வாள்.

அப்படிக் கிடைத்தவள்தான் வேன்காரி.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறாள். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் ஒருநாள் சட்டைத்துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேறொருத்தியோடு போய்விட்டான். ஒரே மகன். அதற்குப் பிறகுதான் யாரோ கூட்டிவர அவள் சபைப் பக்கம் வந்தாள். ஆரம்பத்தில் கதவோரமாக உட்கார்ந்து, எழுந்து போவாள். ஒரு வெள்ளிக்கிழமை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டைப்பிஸ்ட் அம்மா ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டார். மகன் அவரிடம் பேசி மாதக்கணக்காகிறது. உடனே கூடத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு வசனத்தை எடுத்து அந்த அம்மாள் தலையில் கொட்டினார்கள். "கவலப்படாதீங்க சிஸ்டர்", "ஆண்டவர் பார்த்துப்பார் சிஸ்டர்." அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார். சத்தம் அடங்கிய பிறகு வேன்காரி கதவோரத்திலிருந்து மெதுவாக, "அப்புறம் என்னம்மா ஆச்சு?" என்றாள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள். அந்த அம்மாள் அன்று சொன்னது அத்தனையும் அதற்கு முன் யாரிடமும் சொல்லாதது.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

முதல் தடவை வேன்காரி சொதப்பினாள். எழுதி வந்ததைத் தலை நிமிராமல் வாசித்து முடித்துவிட்டு, வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் தடவை, பேசிக்கொண்டே போன ஒரு பெரியவரை ரோட்டில் குறுக்கே வந்த சைக்கிளை அதட்டுகிற மாதிரி அதட்டிவிட்டாள். கடையில் நல்ல வசவு வாங்கினாள். ஆனால் வந்துகொண்டே இருந்தாள். நாளாக ஆக, கேட்கவும் காத்திருக்கவும், அதிகம் பேசுகிறவரை நோகாமல் நிறுத்தவும் கற்றுக்கொண்டாள். பிறகு ஒருநாள் அக்கா நிஜமாகவே காய்ச்சலில் படுத்திருந்தபோது, உள்ளறையில் சோபாவில் சாய்ந்தபடி கூடத்துப் பேச்சைக் கேட்டாள். தன்னைப் பற்றி ஒருவர்கூட விசாரிக்காத அளவுக்குக் கூட்டம் நன்றாக நடந்தது. அக்காவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம், மிச்சம் எல்லாம் சந்தோஷம்.

கூடம் அதற்குள் நிரம்பி வழிய ஆரம்பித்திருந்தது. சமையலறை வாசலில் நாலு பேர், படிக்கட்டில் மூன்று பேர். பின்னால் இருப்பவர்களுக்குப் பேச முறையே வருவதில்லை. முதலில் டைப்பிஸ்ட் அம்மாள் நின்றுபோனார். "கூட்டமா இருக்கும்மா, நான் ஒருத்தி எதுக்கு" என்றார். பிறகு இன்னும் சிலர் நின்றார்கள். குழுவை இரண்டாகப் பிரிக்க வேண்டும், வேன்காரி வீட்டில் ஒன்று நடக்க வேண்டும், அவளே நடத்த வேண்டும். அக்கா போதகரிடம் போய்க் கேட்டாள். கேட்டபோது மழைக்காலம்.

போதகர் இளைஞர், நல்லவர். நல்லவர் என்பதே அவரிடம் உள்ள பெரிய தொந்தரவு. யார் மனதும் நோகக் கூடாது, முக்கியமாகச் செயலாளர் மனம். செயலாளர் ஏதோ ஒரு தொழிற்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஜெபம் செய்ய எழுந்தால் சபையே வாய் பொத்திக் கேட்கும், அவ்வளவு சரளம். "புருஷன் பொண்டாட்டியா, குடும்பமா இருக்கிறவங்களத்தான் தலைவர்களா வைக்கணும். மத்தவங்களுக்கு ஒரு முன்மாதிரி வேணுமில்ல?" என்றார் அவர். புதிதாகச் சபைக்கு வந்த ஒரு கம்ப்யூட்டர் கம்பெனித் தம்பதியின் பெயரையும் சொன்னார். இருவரும் ஒரே நிறத்தில் உடுத்தி வருவார்கள், பார்க்க அம்சமாக இருக்கும். மூன்று வெள்ளிக்கிழமைக்கு ஒரு வெள்ளிக்கிழமை எட்டிப் பார்ப்பார்கள்.

"ஐயா, உங்களுக்குக் குழு நடத்த ஆள் வேணுமா, மாட்டி வைக்கப் படம் வேணுமா?" என்று கேட்டாள் அக்கா.

செயலாளருக்கு முகம் கறுத்தது. போதகர் குறுக்கே புகுந்து, "சரிக்கா, சரிக்கா. ஜெபிச்சுட்டு சொல்றோம்" என்றார்.

சபையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த வார்த்தையின் பொருள் பால்குடி மறப்பதற்கு முன்பே தெரியும். கொயர் பாட வருகிறாயா, ஜெபிச்சுட்டு சொல்றேன். எங்கள் பெண்ணை உங்கள் பையனுக்குக் கேட்கலாமா, ஜெபிச்சுட்டு சொல்றோம். மாட்டேன் என்று நேராகச் சொல்லத் துணிச்சல் இல்லாதவர்கள் ஆண்டவரை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்வது! எத்தனை பேர் வாழ்க்கையில் எத்தனை விஷயங்கள் இந்த ஒரு வார்த்தையில் ஆறிப்போய்க் கிடக்கின்றனவோ. முகத்துக்கு நேரே "முடியாது" என்றால் சண்டையாவது போடலாம். இதில் சண்டை போட்டால் ஜெபத்தை எதிர்த்தவளாகி விடுவாய். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் மாதாமாதம் போய் நின்றாள், மாதாமாதம் அதையே வாங்கிக்கொண்டு வந்தாள்.

மழை போய், வெயில் கொளுத்தும் நாள் வந்தது. வேன்காரி கடைக்கு வந்தாள். மகனின் கண்ணாடியில் காதுக்கம்பி உடைந்திருந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே, "என்னடி, உன் விஷயம் இப்படி இழுத்துட்டே போகுதே. மனசு கஷ்டமா இல்லையா?" என்று கேட்டாள்.

"கஷ்டமா? என்னக்கா நீங்க!" வேன்காரியின் முகம் மலர்ந்துவிட்டது. "எத்தன மாசமா எனக்காக ஜெபிக்கிறாங்க! பாஸ்டர், செயலாளர் ஐயா, அவ்வளவு பெரிய மனுஷங்க. நேத்துகூட வண்டி ஓட்டும்போது நினைச்சேன். என்னப் பெத்தவங்ககூட எனக்காக இவ்வளவு நாள் முழங்கால் போட்டதில்லக்கா. அந்தப் பொறுப்பு கிடைக்குதோ இல்லையோ, இதுவே எனக்குப் போதும்."

அக்காவின் கையிலிருந்த திருப்புளி மேசையில் விழுந்து உருண்டது. அவள் எடுக்கவில்லை. இவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை! கேள்வி கேட்கச் சொல்லித் தந்தோம், பொறுமையாக இருக்கச் சொல்லித் தந்தோம், அந்த ஒரு பொய்யை மட்டும் சொல்லித் தர மறந்துபோனோம். பாவி, சொன்னதைச் சொன்னபடியே நம்பி உட்கார்ந்திருக்கிறாள். நம்பி நன்றி வேறு சொல்கிறாள். அக்காவுக்கு வந்தது அந்த இரண்டு பேர்மீதான எரிச்சல் மட்டும் இல்லை. இப்படி ஒருத்தியை ஏமாற்றிவிட்டு இரவு நிம்மதியாகத் தூங்க முடிகிறதே, அந்தத் தூக்கத்தின் மீதும் வந்த எரிச்சல்.

"வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு முன்னாடி சபை ஆபீசுக்குப் போவோம். வண்டியோட வா" என்றாள்.

"எதுக்குக்கா?"

"அவங்க ஜெபிக்கிறத நீயும் ஒரு தடவ பாக்க வேணாமா?"

சபை அலுவலக அறையில் ஒரு நீள மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், தேவைக்கு மேல் குளிர்கிற ஏசி. போதகரும் செயலாளரும் ஏதோ கூட்டத்துக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவைக் கண்டதும் போதகரின் கை தானாக நெற்றிக்குப் போனது.

"அக்கா, அந்த விஷயத்த நாங்க ஜெபத்துல வச்சிருக்கோம்."

"தெரியும் பாஸ்டர், இவளும் சொன்னா. ரொம்ப சந்தோஷம். தனித்தனியா எதுக்குக் கஷ்டப்படணும்? இப்ப நாலு பேரும் சேர்ந்தே ஜெபிச்சிருவோம். ஜெபிச்சுட்டு சொல்லுங்க. நாங்க இருக்கோம்."

"இப்பவா?" என்றார் செயலாளர்.

"ஏங்கய்யா, ஆண்டவருக்கு இப்ப வேற வேல இருக்கா?"

அதற்கு மேல் மறுக்க வழியில்லை. ஜெபம் வேண்டாம் என்று சபை அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு யார் சொல்ல முடியும்? நாற்காலிகள் நகர்ந்தன. நாலு பேரும் முழங்காலிட்டார்கள். வேன்காரி முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு, கண்களை இறுக மூடிக்கொண்டாள். பரிசு வாங்கப் போகிற பிள்ளையின் முகம். அக்கா மூடவில்லை. பார்க்கத்தானே வந்தாள்.

பழக்க தோஷத்தில் செயலாளரே ஆரம்பித்தார். "அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம பிதாவே, இந்த நல்ல மாலை வேளைக்காக உம்மைத் துதிக்கிறோம்..." குரல் கணீரென்று ஏறி இறங்கியது. ஒரு தடுமாற்றம் இல்லை. "உமது சமூகத்தில் முழங்காலிட்டிருக்கிற இந்த மகளுக்காக மன்றாடுகிறோம் ஆண்டவரே. பள்ளிக்கூடத்திலே ஆயாவாக வேலை செய்கிற இந்த மகள்..."

"வேன் ஓட்றேங்கய்யா" என்றாள் வேன்காரி, கண்ணைத் திறக்காமல், அடங்கிய குரலில்.

"...வாகனம் ஓட்டிப் பிழைக்கிற இந்த மகள் சிந்துகிற கண்ணீரை நீர் காண்கிறீர். தகப்பனில்லாத அந்த இரண்டு பெண் குழந்தைகளையும் உம்முடைய செட்டைகளின் மறைவிலே..."

"பையன்தாங்கய்யா. ஒரே பையன்." இந்தத் தடவை குரல் இன்னும் இறங்கியிருந்தது.

"...அந்தப் பிள்ளையையும் ஆசீர்வதியும். கர்த்தாவே, வாலிப வயதிலே தன் கணவனைச் சாவுக்குப் பறிகொடுத்து, விதவையாய், திக்கற்றவளாய்..."

வேன்காரி திருத்தவில்லை. அறையில் ஏசி மட்டும் உறுமியது. செயலாளர் அதையும் ஜெபத்தின் அமைதி என்றே எடுத்துக்கொண்டு இன்னும் உருக்கமாகப் போனார். அக்காவுக்கு அந்த மேசையையே கவிழ்க்கலாம் போல இருந்தது. எவன் போனதைக் காரணம் காட்டி மாதக்கணக்கில் இவளை நிறுத்தி வைத்தார்களோ, அவன் செத்தானா இருக்கிறானா என்பதுகூட இந்த மனிதருக்குத் தெரியவில்லை. இத்தனை மாதத்தில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நிமிஷம் இவளை நினைத்து முழங்காலிட்டிருந்தால் யாரிடமாவது கேட்டாவது தெரிந்துகொண்டிருப்பாரே!

வேன்காரி கண்ணைத் திறந்தாள். ஜெபம் முடியவில்லை, முடிகிற மாதிரியும் இல்லை. அவள் கையை உயர்த்தி முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இவங்க ஜெபிக்கவே இல்லையாக்கா?"

ரகசியமாகக் கேட்கவில்லை. சாதாரணக் குரலில், மணி என்ன என்று கேட்கிற மாதிரி கேட்டாள். எதையும் முகத்துக்கு நேரே சொல்கிற அக்கா இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"வாங்க. நம்ம ஆளுங்க வந்திருப்பாங்க." வேன்காரி எழுந்தாள். செயலாளரின் குரல் ஒரு கணம் தடுக்கி, மறுபடி மேலேறியது. கதவருகே அக்கா திரும்பிப் பார்த்தாள். போதகர் கண்ணைத் திறந்திருந்தார். இவர்கள் போவதைப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாக மூடிக்கொண்டார். செயலாளரைக்கூட என்றைக்காவது அவள் மன்னித்துவிடுவாள். மூடிய அந்தக் கண்களை அவளால் மன்னிக்க முடியவில்லை.

வெளியே வந்ததும் அக்கா பொரிந்து தள்ளினாள். பொய்யனுங்க, மனசாட்சி இல்லாதவனுங்க, ஆண்டவர் பேர வச்சு விளையாடுறானுங்க. வேன்காரி முகத்தைப் புறங்கையால் துடைத்தாள், ஒரு தடவை, அழுத்தி. வேன் பக்கம் போய் அக்காவுக்காக முன் கதவைத் திறந்துவிட்டாள்.

"இன்னைக்கு நீதான் நடத்துற" என்றாள் அக்கா. "அடுத்த வாரத்துல இருந்து பாதிப் பேரு உன் வீட்டுக்கு வருவாங்க. அந்த டைப்பிஸ்ட் அம்மாவுக்கு நீயே போன் போடு."

"அவங்க ஒண்ணும் சொல்லலயேக்கா?"

"நான் உனக்காக தினம் ஜெபிச்சேன். நான் சொல்றேன்."

வேன்காரி ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைத் திருகினாள்.

அக்கா, "நடத்துறது நீ. நான் பின்னால உக்காந்துக்கறேன்" என்று திறந்திருந்த முன் கதவைச் சாத்தினாள். பக்கவாட்டுக் கதவை இழுத்து, தலையைக் குனிந்து உள்ளே ஏறி, குழந்தைகள் உட்கார்கிற கடைசி வரிசைச் சின்ன இருக்கையில், முழங்கால்கள் நெஞ்சில் முட்ட, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.